தலைக்காயத்துக்குப் பிறகு பெயர்ச்சொற்கள் வரவில்லை: மூளைத் தூண்டல் சிகிச்சை எடுக்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 54. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கமிஷன் கடை வைத்திருக்கிறார். எட்டு மாதத்துக்கு முன்பு மேலூர் சாலையில் பைக்கிலிருந்து விழுந்து, மூளையின் இடப்பக்கத்தில் அடிபட்டு ஆபரேஷன் நடந்தது. இப்போது நன்றாக நடக்கிறார், நாம் சொல்வது புரிகிறது, கணக்கும் ஓரளவு பார்க்கிறார். பேச ஆரம்பித்தால்தான் பொருள்களின் பெயர் வருவதில்லை. "அது... அந்த..." என்று நின்றுவிடுகிறார். தலையில் லேசான கரண்ட் வைக்கும் மூளைத் தூண்டல் சிகிச்சையை 20 நாள் எடுத்தால் பேச்சு திரும்பிவிடும் என்று ஓர் இடத்தில் சொல்கிறார்கள். அம்மாவோ "ஷாக் வைக்கப் போகிறார்கள்" என்று பயப்படுகிறார். எடுக்கலாமா?

பதில்:

தம்பி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கரண்ட் வைப்பதால் மட்டும் சொல் வராது. கரண்ட் ஓடும் நேரம் முழுவதும் உங்கள் அப்பா சொற்களைத் தேடிச் சொல்லும் பயிற்சியில் இருந்தால், அந்தப் பயிற்சியின் பலன் சிலருக்குக் கொஞ்சம் கூடுகிறது. ஆராய்ச்சிகள் இதுவரை காட்டியிருப்பது இவ்வளவுதான். ஆகவே அங்கே நீங்கள் முதலில் கேட்க வேண்டியது எந்த மெஷின், எத்தனை நாள் என்பதை அல்ல. "கரண்ட் வைத்திருக்கும் நேரத்தில் அப்பாவுக்கு யார் பேச்சுப் பயிற்சி கொடுப்பார்கள்?" என்று கேளுங்கள். "அவர் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். நான் மதுரையில் பேச்சுப் பயிற்சியாளராகப் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். பேச்சை இழந்தவர்களின் குடும்பங்கள் நகையை அடகு வைத்தாவது ஏதாவது ஒரு மெஷினிடம் ஓடுவதையும், கையில் இருக்கும் நல்ல வழியைப் பாதியில் விடுவதையும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அப்பாவுக்கு என்ன ஆகியிருக்கிறது என்று பார்ப்போம். மூளையில் அடிபட்டதால் மொழி பாதிக்கப்படுவதை அஃபேசியா என்கிறோம். அதில் புரிதலும் வாக்கிய ஓட்டமும் ஓரளவு நன்றாக இருந்து, பெயர்கள் மட்டும் பிடிபடாமல் போகும் நிலை அனோமியா. வலக்கைப் பழக்கம் உள்ளவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மொழி இடது மூளையில்தான் இருக்கிறது. இடக்கைக்காரர்களிலும் பெரும்பாலோருக்கு அப்படித்தான். காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டுக்குப் பின்னால் இருக்கும் இடது டெம்போரல் பகுதியும் அதைச் சுற்றிய இடங்களும் ஒரு பொருளின் பெயரை எடுத்துக் கொடுக்கும் வேலையைச் செய்கின்றன. பைக்கிலிருந்து விழும்போது மூளை மண்டையோட்டின் உட்புறத்தில் மோதி நசுங்குகிற இடங்களில் இதுவும் ஒன்று.

ஒரு பெயர் வாய்க்கு வருவதற்குள் உள்ளே பல படிகள் இருக்கின்றன. பொருள் என்ன என்று தெரிய வேண்டும், அதற்குரிய சொல் கிடைக்க வேண்டும், அந்தச் சொல்லின் ஒலிகள் வரிசையாக அமைய வேண்டும், பிறகு நாக்கும் உதடும் அசைய வேண்டும். எந்தப் படியில் சிக்கல் என்பதை வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். கடைத் தராசை அப்பாவிடம் காட்டி, இது என்ன என்று கேளுங்கள். பெயர் வராவிட்டாலும் கையால் எடை போடுவதுபோல் காட்டினால் பொருள் உள்ளே பத்திரமாக இருக்கிறது. "த..." என்று முதல் எழுத்தை நீங்கள் எடுத்துக் கொடுத்ததும் "தராசு" என்று வந்துவிட்டால் சொல்லும் உள்ளேதான் இருக்கிறது, எடுக்கும் வழிதான் அடைபட்டிருக்கிறது. தராசுக்குப் பதில் "எடைக்கல்" என்கிறாரா? பொருளுக்கும் சொல்லுக்கும் நடுவே பிசகுகிறது. "தசாரு" என்கிறாரா? ஒலிகளை அடுக்கும் இடத்தில் பிசகுகிறது. ஒவ்வொன்றுக்கும் பயிற்சி வேறு. இந்தச் சோதனையைப் படங்களை வைத்து முறையாகச் செய்யாமல் நேரே தலையில் கரண்ட் பட்டை கட்டுகிற இடத்தை நான் நம்ப மாட்டேன்.

தலைக்காயத்தில் இன்னும் சிலவற்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு விரிசல் கண்டிருந்தால் ஒரு காது மந்தமாகியிருக்கலாம். கவனம் சிதறுவது, சீக்கிரம் களைத்துப் போவது, யோசனை மெதுவாக ஓடுவது ஆகியவையும் சொல் வராததுபோலத் தோன்றும். காலையில் நன்றாகப் பேசுபவர் மாலையில் திணறினால் களைப்புக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

அப்பா என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதையும் பாருங்கள். தலைக்காயத்துக்குப் பிறகு வலிப்பு வராமல் இருக்கப் பலருக்கும் மாத்திரை எழுதுகிறார்கள். அவற்றில் டோபிராமேட் என்ற மருந்துக்குச் சொல் வராமல் தடுமாற வைப்பது நன்கு தெரிந்த பக்கவிளைவு. அப்பாவின் சீட்டில் அந்தப் பெயர் இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக ஒரு மாத்திரையைக்கூட நிறுத்த வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வந்துவிடலாம், அது இப்போதிருக்கும் நிலையைவிடப் பல மடங்கு ஆபத்து.

இனி அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். மனநோய்ப் பிரிவில் கொடுக்கும் மின் அதிர்வு சிகிச்சையும் இதுவும் வேறு வேறு. அங்கே மயக்க மருந்து கொடுத்து, சுமார் 800 மில்லிஆம்பியர் அளவுக்கு மின்சாரம் செலுத்தி, மருத்துவரின் கட்டுப்பாட்டில் வேண்டுமென்றே ஒரு வலிப்பை உண்டாக்குகிறார்கள். கடுமையான மனச்சோர்வில் உயிரைக் காப்பாற்றும் சிகிச்சை அது. அதையும் யாரும் கேவலமாகப் பேச வேண்டியதில்லை. உங்களிடம் சொல்லியிருப்பது டி.டி.சி.எஸ். என்ற முறையாக இருக்க வேண்டும். இதில் செல்வது 1 முதல் 2 மில்லிஆம்பியர் வரைதான். மயக்கம் கிடையாது, வலிப்பு வரவைப்பதும் கிடையாது.

நடப்பது இதுதான். உள்ளங்கையில் பாதியளவுள்ள இரண்டு ஸ்பாஞ்சுகளை உப்புநீரில் நனைத்து, முடியைப் பிரித்துவிட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுத்த இடத்திலும் மற்றொன்றை நெற்றியிலோ தோளிலோ வைத்து ரப்பர் பட்டையால் கட்டுவார்கள். கையடக்கமான ஒரு கருவி கரண்டை மெதுவாக ஏற்றும். அரை நிமிடம் போலத் தோலில் குறுகுறுப்பும் அரிப்பும் இருக்கும், பிறகு பெரும்பாலோருக்கு அது மறைந்துவிடும். கழற்றும்போது தோல் சிவந்திருக்கலாம். ஸ்பாஞ்சு காய்ந்துபோனால் அந்த இடம் சுட்டுப் புண்ணாகும். நடுவில் ஈரம் பார்க்க ஆள் இருக்க வேண்டும் என்பது அதனால்தான். உலகம் முழுவதும் நடந்த 33,000-க்கும் மேற்பட்ட அமர்வுகளை 2016-இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, வழக்கமான அளவில் கொடுத்த எதிலும் கடுமையான கெடுதல் பதிவாகவில்லை. முறையான இடத்தில், சரியான ஆளுக்கு, இது பெரிய அபாயமில்லாத சிகிச்சை என்று அம்மாவிடம் தைரியமாகச் சொல்லலாம். உங்கள் அப்பா அந்தச் சரியான ஆள்தானா என்பதைப் பின்னால் பார்க்கிறேன்.

இந்தச் சிறிய கரண்ட் மூளைச் செல்களைத் தானாக இயக்கிவிடுவதில்லை. செல் தூண்டப்படுவதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குச் சற்று அருகே செல்லைக் கொண்டுபோய் நிறுத்துகிறது, அவ்வளவுதான். பாசிட்டிவ் முனைக்கு அடியில் இருக்கும் பகுதி சற்றுச் சுலபமாகத் தூண்டப்படும். 2000-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நிட்ஷே, பவுலஸ் என்ற இருவர், கரண்டை நிறுத்திய பிறகும் சில நிமிடங்களுக்கு இந்த மாற்றம் நீடிப்பதைக் காட்டினார்கள். இப்போதைய அலை அங்கிருந்துதான் கிளம்பியது. கோடை மழை பெய்த ஈரத்தில் உழுதால் மண் நன்றாக விடும், மழை பெய்துவிட்டது என்பதற்காக உழாத நிலத்தில் பயிர் வராது. இங்கே உழவு என்பது பேச்சுப் பயிற்சி.

பலன் உண்டா? இந்தத் துறையில் நான் அதிகம் மதிக்கும் ஆய்வு, 2018-இல் ஃப்ரிட்ரிக்சன் குழுவினர் அமெரிக்காவில் நடத்தியது. பக்கவாதம் வந்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகியும் அஃபேசியா நீடித்த 74 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் மூன்று வாரத்தில் 15 அமர்வுகள், அமர்வுக்கு 45 நிமிடம் கம்ப்யூட்டர் மூலம் சொற்பயிற்சி. ஒரு பிரிவுக்கு முதல் 20 நிமிடம் 1 மில்லிஆம்பியர் கரண்ட். மற்றொரு பிரிவுக்குப் பட்டையைக் கட்டி, தொடக்கத்தில் குறுகுறுப்பு தெரியும் அளவுக்கு மட்டும் கொடுத்து நிறுத்திவிட்டார்கள். யாருக்கு உண்மையான கரண்ட் என்பது நோயாளிக்கும் தெரியாது, பயிற்சி கொடுத்தவருக்கும் தெரியாது. கடைசியில், சரியாகச் சொன்ன பெயர்கள் கரண்ட் பெற்றவர்களுக்குச் சராசரியாக 13.9 கூடின, பெறாதவர்களுக்கு 8.2 கூடின.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே படியுங்கள், தம்பி. விளம்பரம் செய்பவர்கள் "70 சதவீதம் அதிகப் பலன்" என்று முதல் எண்ணை மட்டும் பெரிதாக்குவார்கள். கணக்கு சரிதான். ஆனால் வித்தியாசம் ஏறத்தாழ ஆறு சொற்கள். கரண்டே இல்லாமல், வெறும் பயிற்சியிலேயே எட்டுச் சொற்கள் வந்திருக்கின்றன. ஆய்வாளர்களும் "இது வேலை செய்கிறது" என்று முடிக்கவில்லை. மேலும் பெரிய ஆய்வு நடத்துவது வீண் அல்ல என்றுதான் சொன்னார்கள். அடுத்த வருடம் இத்தகைய ஆய்வுகளையெல்லாம் திரட்டி அலசிய காக்ரேன் தொகுப்பும் அதே தொனியில்தான் பேசியது: பெயர்ச்சொற்களைச் சொல்வதில் முன்னேற்றம் தெரிகிறது, வினைச்சொற்களில் தெரியவில்லை, அன்றாட வாழ்க்கையில் பேசிப் புரியவைக்கும் திறன் கூடியதற்குச் சான்று இல்லை. படத்தைப் பார்த்துப் பெயர் சொல்வது ஒன்று, சந்தையில் விலை பேசுவது வேறொன்று. உங்கள் அப்பாவுக்கு வேண்டியது இரண்டாவது.

இன்னொன்றும் இருக்கிறது, இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவை பக்கவாத நோயாளிகளிடம் செய்தவை. பக்கவாதத்தில் பெரும்பாலும் ஒரு ரத்தக்குழாய் அடைபட்டு, ஒரு குறிப்பிட்ட பகுதி மட்டும் பாதிக்கப்படும், மீதி மூளை நன்றாக இருக்கும். விபத்தில் அப்படி இல்லை. ஓரிடத்தில் நசுங்கல் இருக்கும், அதோடு மூளை உள்ளே குலுங்கியதில் நரம்பிழைகள் பல இடங்களில் இழுபட்டு அறுந்திருக்கும். எந்த இடத்தைத் தூண்டுவது என்ற கேள்வியே இங்கே சிக்கலாகிறது. தலைக்காயத்துக்கு இதில் கிடைத்திருக்கும் சான்று மெலிந்தது. பக்கவாதத்தில் கிடைத்த பலன் அப்படியே அப்பாவுக்கும் கிடைக்கும் என்று யாராவது உறுதி கொடுத்தால் அவர் தெரியாமல் பேசுகிறார், அல்லது தெரிந்தே பேசுகிறார்.

காந்தத்தால் தூண்டும் டி.எம்.எஸ். என்ற முறையையும் உங்களிடம் சொல்லக்கூடும். 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் உருவாக்கியது. தலைக்கு வெளியே பிடிக்கும் ஒரு கம்பிச்சுருளில் காந்தத் துடிப்பு எழுந்து, மூளையில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. இது செல்களை உண்மையிலேயே இயக்கும், டி.டி.சி.எஸ்.ஸைவிட வலுவானது. இடது மூளை அடிபட்டதும் வலது மூளையில் அதே இடம் மிகையாக வேலை செய்து இடப்பக்கத்தை அமுக்குகிறது என்று ஒரு கருத்து உண்டு. அதன்படி 2005-இல் பாஸ்டனில் நேசர் குழுவினர், நாட்பட்ட அஃபேசியா உள்ள நான்கு பேருக்கு வலது பக்கத்தை மெதுவான துடிப்பால் 10 நாள் அடக்கிப் பார்த்ததில், பெயர் சொல்வது கூடியது, இரண்டு மாதம் கழித்தும் அந்தப் பலன் நீடித்தது. சிறிய ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிரிவு இல்லை. அதன் பின்னால் பல ஆய்வுகள் வந்தன. வலது பக்கம் உண்மையில் கெடுக்கிறதா, கைகொடுக்கிறதா என்ற வாதம் மட்டும் தீரவில்லை. இடப்பக்கத்தில் பெரிய சேதம் உள்ளவர்களுக்கு வலப்பக்கம்தான் துணை என்று நினைப்பவர்களும் உண்டு, எனக்கும் அதில்தான் சாய்வு. டி.எம்.எஸ்.ஸில் வலிப்பு வரும் வாய்ப்பு பொதுவாக ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் தலைக்காயம் பட்ட மூளை ஏற்கெனவே வலிப்புக்கு ஒரு படி அருகில் நிற்கிறது. உங்கள் அப்பாவுக்கு இப்போதைக்கு டி.எம்.எஸ். வேண்டாம் என்பேன்.

சரி, டி.டி.சி.எஸ்.ஸுக்காவது அப்பா தகுந்தவரா? ஆபரேஷன் விவரம் தெரியாமல் சொல்ல முடியாது. டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். மூளை வீங்கியிருந்தால் மண்டையோட்டில் ஒரு துண்டு எலும்பை எடுத்து, வயிற்றுத் தோலுக்கு அடியில் பத்திரப்படுத்தி, சில மாதம் கழித்துத் திரும்பப் பொருத்துவார்கள். அந்த எலும்பு இன்னும் பொருத்தப்படவில்லை என்றால் பேச்சே இல்லை, தூண்டல் வேண்டாம். எலும்பு மின்சாரத்தைத் தடுக்கும். அது இல்லாத இடத்தில் கரண்ட் எளிதாக உள்ளே பாய்ந்து, கணக்குப் போட்ட அளவை மீறிவிடும். பொருத்தி முடித்திருந்தாலும் விளிம்பில் இடைவெளி இருக்கலாம், டைட்டானியம் தகடோ திருகோ இருக்கலாம். இதை ஆபரேஷன் செய்த நரம்பியல் அறுவை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும், மெஷின் வைத்திருப்பவர் சொல்லக் கூடாது. விபத்துக்குப் பிறகு ஒரு தடவையாவது வலிப்பு வந்திருந்தாலும், இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தாலும் அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மருந்து இங்கேயும் குறுக்கிடுகிறது. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின், நரம்புச் செல்லின் சோடியம் வழிகளை அடைக்கும் மருந்து. கோட்டிங்கன் குழுவினர் 2002-இல் அதை ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, பாசிட்டிவ் முனை உண்டாக்கும் தூண்டல் காணாமலே போய்விட்டது. தலைக்காயக்காரர்களுக்கு நம் ஊரில் அடிக்கடி எழுதப்படும் ஃபெனிட்டாயினும் அதே வகையைச் சேர்ந்தது. இருமல் மருந்துகளில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் கொடுத்தபோதும் கரண்ட் நின்ற பிறகு நீடிக்க வேண்டிய பலன் நீடிக்கவில்லை. அப்பா ஃபெனிட்டாயினில் இருந்தால், கரண்டுக்குக் கொடுக்கும் பணம் பலனே இல்லாமல் போகும் வாய்ப்பு கண் முன்னே நிற்கிறது. கிளினிக்கில் மருந்துச் சீட்டை வாங்கிப் படித்தார்களா? படிக்கவில்லை என்றால் அவர்களைப் பற்றி அதுவே போதிய தகவல்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், அந்த 20 நாளுக்குக் கேட்கும் பணத்தையும் நேரத்தையும் முதலில் தீவிரமான பேச்சுப் பயிற்சிக்குத் திருப்புவேன். "எட்டு மாதம் ஆகிவிட்டதே, இனிமேலா வரும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதை நம்பாதீர்கள். முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்பது உண்மை. அதன் பிறகு நின்றுவிடும் என்பது உண்மையல்ல. ஜெர்மனியில் 156 பேரை வைத்து நடத்தி 2017-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், பக்கவாதம் வந்து ஆறு மாதம் தாண்டியவர்களுக்கு வாரம் 10 மணி நேரத்துக்குக் குறையாமல் மூன்று வாரம் பயிற்சி கொடுத்தார்கள். அன்றாடப் பேச்சே முன்னேறியது. அதே மூன்று வாரத்தைக் காத்திருந்து கழித்தவர்களிடம் மாற்றம் இல்லை. பல நாட்டு ஆய்வுகளை இணைத்த 2022-ஆம் ஆண்டு அலசலும், மொத்தம் 20 முதல் 50 மணி நேரப் பயிற்சி பெற்றவர்களே அதிகம் முன்னேறியதாகச் சொல்கிறது. வாரம் ஒரு தடவை அரை மணி நேரம் போய்வருவது இதற்கு ஈடாகாது. இவையும் பக்கவாத ஆய்வுகள்தான் என்றாலும், கவனமும் களைப்பும் பார்த்துச் செய்யும் பயிற்சியால் தலைக்காயக்காரருக்குக் கெடுதல் எதுவும் இல்லை.

எந்தச் சொற்களைப் பழக்குவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பழக்கிய சொல் வரும், பழக்காத சொல்லுக்கு அந்தப் பலன் அவ்வளவாகப் பரவாது. இது ஆய்வுக்கு ஆய்வு திரும்பத் திரும்பத் தெரிவது. அப்படியிருக்க, குழந்தைகள் அட்டையில் இருக்கும் ஒட்டகச்சிவிங்கியையும் கப்பலையும் காட்டி ஒரு பூ வியாபாரியின் நேரத்தை வீணாக்கலாமா? அப்பாவின் கடையில் ஒரு நாள் உட்கார்ந்து, அவர் வாயில் புழங்கிய சொற்களை எழுதுங்கள். மல்லி, பிச்சி, முல்லை, கனகாம்பரம், சம்பங்கி, அரளி, செவ்வந்தி, மரிக்கொழுந்து. தராசு, சாக்கு, கூடை, நார், பில், பாக்கி. மொட்டு, உதிரி, சரம், முழம். கட்டு, தொடு, அள்ளு, கொட்டு, நிறு என்று வினைச்சொற்களையும் தனியாக எழுதுங்கள், அவை விட்டுப்போகக் கூடாது. பூ வருகிற ஊர்கள்: உசிலம்பட்டி, திருமங்கலம், செக்கானூரணி, நிலக்கோட்டை. பிறகு ஆட்களின் பெயர்கள். பெயர்களிலேயே மிகக் கடினமானது ஆட்பெயர்தான், அதனால் பேத்தியின் பெயர் வரவில்லை என்று யாரும் அவர் முன்னால் வருத்தப்பட வேண்டாம். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது அறுபது சொல் போதும் ஆரம்பிக்க.

படத்தைக் காட்டியதும் வாயில் ஊட்டிவிடாதீர்கள். பத்து விநாடி பொறுங்கள். வரவில்லையா, "எப்போது பூக்கும்? என்ன நிறம்? எதில் கட்டுவோம்? எந்த ஊரிலிருந்து வரும்?" என்று சுற்றிச் சுற்றிக் கேளுங்கள். அந்தச் சொல்லோடு ஒட்டிய நினைவுகள் எழும்பும்போது சொல்லும் எழும்பும். அதற்கும் வராவிட்டால் "தலை நிறைய..." என்று வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு நிறுத்துங்கள். அடுத்து முதல் எழுத்து. அதற்கும் வராவிட்டால் முழுச் சொல்லையும் நீங்கள் சொல்லி, அவரையும் மூன்று முறை சொல்ல வைத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போங்கள். அடைபட்ட சொல்லோடு அவரை மல்லுக்கட்ட விட்டால் தவறான சொல்லே பழகிப்போகும். அப்பாவுக்கு மற்றவர்கள் முன்னால் திருத்தம் சொல்லாதீர்கள். சந்தைக்கு விடியற்காலையில் எழுந்து பழகிய உடம்பு அவருக்கு, அதனால் மூளை தெளிவாக இருக்கும் அந்த நேரத்தையே பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் வேண்டாம். ஒரே மூச்சில் ஒரு மணி நேரமும் வேண்டாம், இருபது இருபது நிமிடமாகப் பிரியுங்கள். கொஞ்சம் பிடிபட்டதும் கடைக்கே கூட்டிக்கொண்டு போய், தெரிந்த ஒரே ஒரு வாடிக்கையாளரோடு பேச வையுங்கள்.

வீட்டில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ பேசி, வெளியில் தமிழ் பேசும் குடும்பங்கள் மதுரையில் ஏராளம். உங்கள் வீடும் அப்படி என்றால் பயிற்சியாளரிடம் முதல் நாளே சொல்லுங்கள். இரண்டு மொழியும் ஒரே வேகத்தில் திரும்ப வேண்டும் என்று கட்டாயமில்லை, இரண்டிலும் சோதித்துப் பார்த்துத்தான் பட்டியல் போட வேண்டும்.

பயிற்சியாளரைத் தேடும்போது இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பேச்சுப் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் காது மூக்கு தொண்டைப் பிரிவை ஒட்டி இருப்பார்கள், நரம்பியல் வார்டில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். அரசு இராசாசி மருத்துவமனைக்குப் போனால் அங்கேயும் விசாரியுங்கள்.

இரண்டு மூன்று மாதம் இப்படித் தீவிரமாகச் செய்த பிறகு முன்னேற்றம் ஓரிடத்தில் நின்றுவிட்டால், மண்டையோடு முழுமையாக மூடியிருந்தால், வலிப்பு இல்லை என்றால், மருந்தும் குறுக்கிடாது என்று நரம்பியல் மருத்துவர் சொன்னால், அப்போது டி.டி.சி.எஸ்.ஸைப் பயிற்சியோடு சேர்த்து முயன்று பார்ப்பதற்கு நான் எதிரி அல்ல. தொடங்கும் முன் அதே அறுபது சொல்லுக்கும், பழக்காத இன்னொரு அறுபது சொல்லுக்கும் மதிப்பெண் போட்டுக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்த அன்றும், ஒரு மாதம் கழித்தும் அதே சொற்களில் மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். ஸ்பாஞ்சை எங்கே வைக்கப் போகிறார்கள், ஸ்கேனைப் பார்த்து யார் அதை முடிவு செய்தார்கள், எத்தனை மில்லிஆம்பியர் என்பதை எழுத்தில் கேளுங்கள். மூட்டு வலி, மறதி, மனச்சோர்வு, பேச்சு எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பட்டை கட்டுகிறவர்களிடம் போகாதீர்கள். முழுப் பணத்தையும் முன்பணமாகக் கட்டாதீர்கள். ஆன்லைனில் விற்கும் கருவியை வாங்கி வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் யோசனை யாருக்காவது வந்தால், அடிபட்ட மண்டையில் அந்த விஷப்பரீட்சை கூடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

பணத்தைப் பற்றிப் பேசியதால் இதையும் சொல்கிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் அட்டவணையில் பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு ஒரு தனி வகையாக இருக்கிறது, அதில் அஃபேசியாவைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறார்கள். கை கால் நன்றாக இருப்பதால் சான்றிதழ் கிடைக்காது என்று நினைத்துப் பலர் விண்ணப்பிப்பதே இல்லை. குறைபாடு நிரந்தரமாக நிற்கிறது என்று பின்னால் மருத்துவர்கள் மதிப்பிட்டால், 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அரசு உதவிகளில் உரிமை உண்டு. விபத்து வழக்கு ஏதாவது நடந்துகொண்டிருந்தால் இழப்பீட்டுக் கோரிக்கையிலும் பேச்சு பாதிப்பைச் சேர்க்க வக்கீலிடம் சொல்லுங்கள். இரண்டுக்கும் பேச்சுப் பயிற்சியாளரின் சோதனை அறிக்கை தேதியோடு வேண்டும். இப்போதே ஒன்றும், ஆறு மாதம் கழித்து ஒன்றும் எடுத்து, டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.